குதிரை லாயத்துல ஈரத்துக்கு என்ன தூவலாம், எதைத் தூவவே கூடாது

தம்பி கேட்டது இதுதான். உடுமலைப்பேட்டை பக்கம் தோட்டத்துல ரெண்டு குதிரை, அதுல ஒண்ணு சினை. தகரக் கூரை, சிமெண்ட் தரை. மழை பிடிச்சதுலருந்து லாயத்துக்குள்ள நுழைஞ்சாலே கண்ணு எரியுது, வைக்கோல் போட்ட அன்னைக்கே நசநசன்னு ஆயிடுது. உரக்கடைக்காரர் சுண்ணாம்பு தூவச் சொல்றார், இறால் குட்டை வச்சிருக்கற மச்சான் ஜியோலைட்டுங்கற தாதுக்கல் மூட்டை ஒண்ணு தர்றேன்னு சொல்றார், வெளிநாட்டு வீடியோ ஒண்ணுல டயட்டம் மண்ணு தூவறாங்க. இதுல எது குதிரைக்குக் கெடுதல் பண்ணாது?

அவசரத்துல இருந்தா இதை மட்டும் எடுத்துக்கங்க. குருணையா இருக்கற ஜியோலைட், அதுவும் காஞ்ச தரையில, படுக்கைக்கு அடியில, கொஞ்சமா. நீத்த சுண்ணாம்பு வேண்டாம். மாவு மாதிரி இருக்கற டயட்டம் மண்ணும் வேண்டாம். ப்ளீச்சிங் பவுடர் பத்தி நீங்க கேக்கல, ஆனா நம்ம ஊர்ல அடுத்து யாராவது அதைத்தான் சொல்லப் போறாங்க, அதனால அதையும் கீழ எழுதறேன்.

முதல்ல அந்தக் கண்ணெரிச்சல் எங்கிருந்து வருதுன்னு பாத்துடலாம், ஏன்னா அது புரியலைன்னா எந்தப் பவுடர் வாங்கினாலும் காசு தண்டம். ஒரு பெரிய குதிரை நாளைக்கு 6லருந்து 10 லிட்டர் வரைக்கும் மூத்திரம் விடும், லத்தி 20 கிலோவுக்கு மேல. புது மூத்திரத்துல அமோனியா நாத்தம் அவ்வளவா இருக்காது, அதுல இருக்கறது யூரியா. தரையிலயும் லத்தியிலயும் இருக்கற பாக்டீரியா அந்த யூரியாவை உடைச்சு அமோனியா ஆக்க சில மணி நேரம் எடுக்கும். அதாவது ஈரமான படுக்கையை எவ்வளவு சீக்கிரம் அள்ளி வெளிய போடறீங்களோ அவ்வளவுக்கு நாத்தம் உருவாகறதுக்கு முன்னாடியே போயிடும். இன்னொண்ணு, குதிரை மூத்திரம் இயல்பாவே கொஞ்சம் காரத் தன்மை, கலங்கலா கஞ்சித் தண்ணி மாதிரி இருக்கும்ல, அது கால்சியம் கார்பனேட். காரம் இருந்தா அமோனியா தண்ணியில தங்காது, வாயுவா கிளம்பிடும். இதை ஞாபகம் வச்சுக்கங்க, சுண்ணாம்பு கதைக்கு இதுதான் அடிப்படை.

சுண்ணாம்புன்னு நம்ம ஒரே வார்த்தையில மூணு சாமானைச் சொல்றோம், பாதி விபத்து அங்கதான். சுண்ணாம்புக்கல் மாவு ஒண்ணு, அது கால்சியம் கார்பனேட், கோழித் தீவனத்துல கலக்கறது, நிலத்துக்குப் போடறது, இது சாது. அந்தக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில சுட்டா சுட்ட சுண்ணாம்பு, தண்ணி பட்டா கொதிக்கும், அதை லாயத்துப் பக்கமே கொண்டு வரக்கூடாது. சுட்டதைத் தண்ணி விட்டு நீத்தா நீத்த சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு, பி.எச் 12க்கு மேல. வெத்தலைக்குத் தடவறது இதுதான், கொஞ்சம் கூடினா வாய் வெந்து போகுதில்ல? உரக்கடையில சுண்ணாம்புன்னு கேட்டா இந்த மூணுல எது கைக்கு வரும்னு கடைக்காரரைப் பொறுத்த விஷயம்.

நானே இதுல மாட்டினவன்தான். ரொம்ப வருஷம் முன்னாடி, ஒரு பண்ணையில சவாரிக் குதிரைங்களைப் பாத்துக்கிட்டிருந்தப்ப, ஐப்பசி மழையில ஒரு வாரமா தரை காயவே இல்ல. மூட்டையில வெள்ளையா இருந்ததை கல் மாவுன்னு நினைச்சு ரெண்டு மூணு முறம் தூவி மேல வைக்கோல் பரப்பிட்டேன். மூணாம் நாள் காலையில வெள்ளைக் கால் உள்ள பெட்டை பின்னங்கால் ரெண்டையும் மாத்தி மாத்தித் தூக்கிட்டு நிக்குது, அடுப்பு மேல நிக்கற மாதிரி. குளம்புக்கு மேல பின் பக்கம் குழியா ஒரு மடிப்பு இருக்கும் பாருங்க, அங்க ஈரத்துணி வச்சுத் துடைச்சேன், முடி அப்படியே கொத்தா துணியோட வந்துடுச்சு, உள்ள தோல் ரோஜாப்பூ கலர்ல. பக்கத்து லாயத்து கருங்கால் குதிரைக்கு லேசா செதில் மட்டும்தான். வெள்ளை முடிக்கு அடியில இருக்கற தோல் இளஞ்சிவப்பு, மென்மை, அதனால அதுக்குத்தான் முதல் அடி. டாக்டர் வந்து பாத்துட்டு கேட்ட கேள்வி, "நீ வெத்தலை போடுவியா?" போடுவேன்னேன். "வாயில கடுகளவு கூடினாலே வேகுதே, அதை இதோட கால்ல மூணு நாள் கட்டி விட்டிருக்கியே." ஆற மூணு வாரத்துக்கு மேல ஆச்சு.

இத்தனைக்கும் அது நாத்தத்தைக் குறைக்குதான்னா, முதல்ல கூட்டும். பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், அமோனியா வாயு தயாரிக்க நவச்சாரத்தோட, அதாவது அமோனியம் குளோரைடோட, நீத்த சுண்ணாம்பைச் சேத்து சூடு காட்டுவாங்க. அதே கதைதான் லாயத்துலயும், சூடு இல்லாம மெதுவா. ஈரத்துல கரைஞ்சு அடங்கிக் கிடக்கற அமோனியத்தை சுண்ணாம்போட காரம் வாயுவாத் துரத்தி விடும், கொஞ்ச நேரத்துக்கு குப்புன்னு தூக்கும், அப்புறம் குறையும். குறைஞ்சதைப் பாத்து சுண்ணாம்பு வேலை செய்யுதுன்னு நினைக்கறோம், உண்மையில இருந்ததெல்லாம் பறந்து குதிரை மூக்குக்குள்ள போயிடுச்சு, கூடவே கொஞ்சம் பாக்டீரியாவும் செத்துச்சு, அவ்வளவுதான். சுவத்துக்கு வெள்ளை அடிக்கறது வேற, அது காஞ்சு காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி கல்லாவே மாறிடும், அதுக்கு நான் எதிரி இல்ல. சீக்கு வந்த லாயத்தைக் காலி பண்ணி சுண்ணாம்பு போட்டு ஊற விட்டு கழுவிக் காய வைக்கறதும் சரி. குதிரை நிக்கற படுக்கைக்குள்ளதான் அது கூடாது.

வீட்டுலயே சோதிச்சுப் பாத்துக்கலாம். மூட்டையில இருக்கறதை ஒரு ஸ்பூன் எடுத்து அரை டம்ளர் தண்ணியில கலக்கி ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போடுங்க. ஆரத்தித் தண்ணி மாதிரி ரத்தச் சிவப்பா மாறினா அது நீத்த சுண்ணாம்பு, மூட்டையைக் கட்டி ஓரமா வச்சுடுங்க. மஞ்சளாவே இருந்தா, இல்ல லேசா ஒரு காவி தட்டினா, இன்னொரு ஸ்பூன்ல வினிகர் ஊத்திப் பாருங்க, சோடா மாதிரி நல்லா பொங்கினா கல் மாவு. கல் மாவு ஈரத்தைப் பெருசா உறிஞ்சாது, நாத்தத்தையும் பிடிச்சு வைக்காது, ஆனா தோலை வேக வைக்காது. சோதிக்கும்போது தண்ணியை பவுடர் மேல ஊத்தாதீங்க, பவுடரைத் தண்ணியில போடுங்க, கண்ணைக் கொஞ்சம் தள்ளியே வச்சுக்கங்க, ஒருவேளை சுட்ட சுண்ணாம்பா இருந்தா தெறிக்கும்.

அடுத்தது ப்ளீச்சிங் பவுடர். மழை வெள்ளம்னா தெருவெல்லாம் கோடு போட்ட மாதிரி தூவிட்டுப் போவாங்க, அதைப் பாத்துப் பழகி மாட்டுத் தொழுவத்துலயும் போடறாங்க. குளோரினும் அமோனியாவும் சேந்தா குளோரமைன்னு ஒரு வாயு வரும், கண்ணு மூக்கு நுரையீரல் எல்லாத்தையும் அரிக்கும். மூத்திரம் ஊறின தரையில ப்ளீச்சிங் பவுடர் போடறதுன்னா மூடின கொட்டாய்க்குள்ள நாமளே அந்த வாயுவைத் தயாரிக்கறோம்னு அர்த்தம். குதிரைக்கு மட்டும் இல்ல, கூட்டற ஆளுக்கும்தான். கிருமிக்காக போட்டே ஆகணும்னா லாயம் காலி, லத்தி மூத்திரம் சுத்தமா கழுவி முடிச்ச தரை, கதவு ஜன்னல் திறந்து, பின்னாடி மறுபடி கழுவி காய விட்டு. ஆசிட், பினாயில்னு எதையும் அதோட கலக்காதீங்க.

இப்ப டயட்டம் மண்ணு. இது லட்சக்கணக்கான வருஷம் முன்னாடி தண்ணியில வாழ்ந்த கண்ணுக்குத் தெரியாத பாசிங்களோட கூடு, பெரும்பாலும் சிலிக்கா, மணல்ல இருக்கற அதே பொருள். நல்லா உறிஞ்சும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா பிரச்சினை தூசி. மண்ணுல இருந்து வெட்டி எடுத்து காய வச்சதுல பெரும்பகுதி படிகமில்லாத சிலிக்கா, அது அவ்வளவு மோசம் இல்ல. நீச்சல் குளம் ஃபில்டருக்குன்னு சூளையில வறுத்து விக்கறதுல பாதிக்கு மேல கூட கிறிஸ்டோபலைட்டுன்னு படிக சிலிக்காவா மாறியிருக்கும். மூச்சுல போற படிக சிலிக்கா மனுஷனுக்குப் புற்றுநோய் தரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997லயே முதல் வகையில போட்டுடுச்சு. பாக்கெட்டுல ஃபுட் கிரேடுன்னு போட்டிருக்கேன்னு சொல்வீங்க. அது தின்னா ஒண்ணும் ஆகாதுங்கறதுக்குப் போட்ட முத்திரை, மூச்சுல இழுத்தா ஒண்ணும் ஆகாதுங்கறதுக்கு இல்ல.

குதிரைக்கு இதெல்லாம் வருமான்னா, வந்திருக்கு. கலிஃபோர்னியாவுல மான்டெரே கார்மெல் பக்கத்து மண்ணுல கிறிஸ்டோபலைட் இருக்கு, அங்க வளந்த குதிரைங்களுக்கு நுரையீரல் தழும்பு ஏறி இறுகிப் போனதை 1981ல டாக்டருங்க எழுதினாங்க. அந்த மாநிலத்துல அப்படிப்பட்ட சில குதிரைங்களுக்கு எலும்பும் கெட்டு, தோள்பட்டை எலும்பு வளைஞ்சு, விலா எலும்பு சும்மாவே முறிஞ்சதும் பின்னாடி தெரிஞ்சுது. நியாயமா ஒண்ணைச் சொல்லிடறேன், அது மேஞ்ச மண்ணுல இருந்து வருஷக்கணக்கா போன தூசி, லாயத்துல தூவின பாக்கெட்டால வந்தது இல்ல. ஆனா குதிரை நுரையீரல் சிலிக்காவைத் தாங்கிக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்கங்கறதுக்கு அது போதும். இதே காரணத்துக்குத்தான் ரைஸ் மில்லுல கிடைக்கற உமிச் சாம்பலையும் நான் வேண்டாம்பேன். உமியில சிலிக்கா அதிகம், பாய்லர்ல அதிக சூட்டுல எரிஞ்சா அதுவும் படிகமா மாறும். அடுப்புச் சாம்பல்ல வேற தொந்தரவு, ஈரம் பட்டா அதுவும் காரம்தான்.

தூசி ஏன் இவ்வளவு முக்கியம்னு கேட்டா, குதிரை புல்லுக்குக் குனியறதை பக்கத்துல உக்காந்து ஒரு தடவை பாருங்க. வாயை வைக்கறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு ஊது ஊதும், புர்ருன்னு. தரையில பவுடர் இருந்தா அந்த ஊதல்ல ஒரு சின்ன புகை எழும்பும், அடுத்த நொடி அதே மூக்கால அதை உள்ள இழுக்கும். குதிரையால வாயால மூச்சு விட முடியாது, மூக்கு மட்டும்தான், சும்மா நிக்கும்போதே நிமிஷத்துக்கு 60 லிட்டருக்கு மேல காத்து போய் வரும். நம்ம ஆளுங்க பாதிப்பேர் புல்லையும் தரையிலதான் போடறோம், கொள்ளு சிந்தினா அதை ஒண்ணொண்ணா உதட்டால பொறுக்கித் தின்னும். அதனால எந்தப் பவுடரா இருந்தாலும் நான் பாக்கறது மூணுதான். மூக்குக்குள்ள போனா என்ன ஆகும், வாய்க்குள்ள போனா என்ன ஆகும், ஈரத்தோட தோல்ல ஒட்டினா என்ன ஆகும். பாக்கெட்டுல இயற்கையானது, நூறு சதம் பாதுகாப்புன்னு போட்டிருக்கறதெல்லாம் இந்த மூணுக்கும் பதில் இல்ல.

வாய்க்குள்ள போறதுல ரெண்டு ஆபத்து இருக்கு. பெண்ட்டோனைட் களிமண்ணு, பூனைக்கு கழிவுக்கு வைக்கறதுக்குன்னு வருது பாருங்க, ஈரம் பட்டா உப்பி உருண்டையா கட்டிக்கும். அது மாதிரியே டயப்பருக்குள்ள இருக்கற ஜெல், விவசாயத்துக்கு ஹைட்ரோஜெல்னு விக்கறாங்களே அந்தக் குடும்பம். ஒரு கிராம் எவ்வளவு தண்ணி குடிக்கும்னு பாத்து ஆச்சரியப்பட்டு லாயத்துலயும் போடலாமேன்னு தோணும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது தம்பி, தொண்டைக் குழாயில எதுவாவது உப்பினா மூக்கு வழியா எச்சிலும் புல்லும் வழியும், வயித்துல போய் சேந்தா வயித்துவலி, அதுவே குதிரையைக் கொல்ற நோய். இந்த ரெண்டும் வேண்டாம். சூப்பர் பாஸ்பேட் உரத்தை ஒரு காலத்துல அமோனியாவைப் பிடிக்கப் போட்டாங்க, வேதியியல் சரிதான், அமிலத் தன்மை இருக்கறதால பிடிக்கும். ஆனா நம்ம குதிரைங்க தவிடு தின்னே ஏற்கனவே பாஸ்பரஸ் அதிகம் ஏறிக் கிடக்கு, கால்சியம் பத்தாம மூஞ்சி எலும்பு வீங்கற நோய் வர்றதே அதனாலதான், அதுல தரையிலயும் நக்க ஒண்ணு வைக்கணுமா?

சரி, மச்சானோட ஜியோலைட். மூணுல இதுதான் எனக்குப் பிடிச்சது, கண்ணை மூடிட்டு இல்ல. ஜியோலைட்டுங்கறது ஒரு குடும்பப் பேரு. அதுல கிளைனோப்டிலோலைட்டுன்னு ஒண்ணு, கூடு கூடா இருக்கும், அமோனியத்தைப் பிடிச்சு உள்ள வச்சுக்கிட்டு பதிலுக்கு சோடியம், பொட்டாசியத்தை வெளிய விடும். அமெரிக்காவுல ஸ்வீட் பிடிஇசட்டுன்னு லாயத்துக்குன்னே விக்கறது இந்த வகைதான். ஐரோப்பாவுல 2013ல எல்லா மிருகத்தோட தீவனத்துலயும் அளவா கலக்க அனுமதி குடுத்தாங்க, அதனால கொஞ்சம் நக்கிட்டாலும் நான் பதற மாட்டேன். அதே குடும்பத்துல எரியோனைட்டுன்னு ஒரு பொல்லாத பிறவியும் உண்டு, நாரு நாரா இருக்கும். துருக்கியில கப்படோசியா பக்கத்துக் கிராமங்கள்ல வீடு கட்டின கல்லுல அது இருந்து, நுரையீரல் உறையில புற்றுநோய் வந்து தலைமுறை தலைமுறையா செத்தாங்க. அதனால மூட்டை மேல வெறும் ஜியோலைட்டுன்னு போட்டிருந்தா எந்த ஜியோலைட்டுன்னு கேளுங்க, கம்பெனிக்கிட்ட பாதுகாப்புத் தாள்னு ஒண்ணு இருக்கும், அதுல கிளைனோப்டிலோலைட் எத்தனை சதம், குவார்ட்ஸ் (அதுவும் படிக சிலிக்காதான்), கிறிஸ்டோபலைட் எத்தனைன்னு எழுதியிருக்கும். குட்டைக்கு மாவாவும் வரும் குருணையாவும் வரும், நமக்கு குருணை, ரவையை விட பெருசா. மச்சானுக்கும் ஒரு சேதி, உப்புத் தண்ணியில சோடியம் போட்டி போடறதால ஜியோலைட் அமோனியாவை ரொம்பப் பிடிக்காது, உப்பங்குட்டையில கொட்டறது பெரும்பாலும் வீண்தான்.

போடற விதம். குதிரையை வெளிய கட்டிட்டு, ஈரமான வைக்கோலையும் லத்தியையும் முழுசா அள்ளுங்க, மேல மேல புதுசு போட்டு மூடறது கூடாது. தரை காயட்டும், அரை மணியாவது. ஈரம் தேங்கற இடத்துல மட்டும் சப்பாத்திப் பலகைக்கு மாவு தூவற அளவு, இடுப்பு உயரத்துலருந்து வீசாம குனிஞ்சு தூவுங்க. தரையே தெரியாத அளவுக்கு போட்டா அது அதிகம். தூவற ஆளுக்கு என்95 மாஸ்க். தூசி அடங்கினதும் அது மேல நல்ல கனமா படுக்கை, அப்புறம்தான் குதிரை. புல்லு போடற மூலையில எதுவும் தூவாதீங்க. அடுத்த நாள் ஈரமான குருணையும் அள்ளிக் குப்பைக்குப் போகணும், அது அங்கயே கிடந்தா நிறைஞ்சு போய் சும்மா கல்லாத்தான் கிடக்கும்.

படுக்கைக்கு என்ன போடறீங்கங்கறதும் உறிஞ்சறதுல சேத்தி. உங்க பக்கமே பொள்ளாச்சி இருக்கு, தென்னை நார்க்கழிவு நல்லா ஈரம் குடிக்கும், ஆனா எலும்பா காஞ்சதா இருந்தா தூசி, லேசா ஈரப்பதத்தோட இருக்கணும், உப்பு கழுவினதான்னு கேட்டு வாங்குங்க. மரத்தூள் வாங்கினா எந்த மரம்னு கேளுங்க. ஃபர்னிச்சர் பட்டறையில இப்ப அமெரிக்க வால்நட் பலகை இழைக்கறாங்க, அந்தக் கருப்பு வால்நட் சீவல் படுக்கையில 5ல 1 பங்கு இருந்தாலே ஒரே நாள்ல குளம்புக்குள்ள வீக்கம் வந்து குதிரை நடக்க முடியாம நின்னுடும். பிளைவுட் தூளும் வேண்டாம். உமி கிடைக்கும், மலிவு, ஆனா தூசி, திங்கவும் செய்யும், நான் விட்டுட்டேன்.

அப்புறம் யாரும் யோசிக்காத ஒண்ணு, கொள்ளு. கொள்ளுல 20 சதத்துக்கு மேல புரதம், கூட புண்ணாக்கும் போடறீங்கன்னா தேவைக்கு மேல போற புரதமெல்லாம் யூரியாவாத்தான் மூத்திரத்துல வரும், தண்ணியும் அதிகம் குடிக்கும், லாயமும் அதிகம் நனையும். சவாரி இல்லாத குதிரைக்கு கொள்ளைக் குறைச்சு ஒரு வாரம் பாருங்க, எந்தப் பவுடரும் குறைக்காததை அது குறைக்கும். தரைக்கு பத்தடிக்கு ரெண்டு இன்ச்சாவது வாட்டம் இருக்கா, தகரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல காத்து போக வழி இருக்கான்னும் பாருங்க. சாரல் அடிக்குதுன்னு தார்ப்பாய் கட்டி நாலு பக்கமும் மூடியிருந்தீங்கன்னா உங்க கண்ணெரிச்சலுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

அளந்து பாக்க மீட்டர் வேண்டாம். காலையில லாயத்தைத் திறந்த உடனே தரையில மண்டி போட்டு, குதிரை படுத்தா மூக்கு இருக்கற உயரத்துல மூச்சு இழுங்க. நின்னுக்கிட்டு மோந்து பாத்தா பத்தாது, அதுவும் தினமும் அங்கயே இருக்கறவன் மூக்கு மரத்துப் போயிடும், வெளியாளை விட்டு மோந்து பாக்கச் சொல்லுங்க. கண்ணு எரியற அளவுக்குப் போயிருந்தா அது ஏற்கனவே ரொம்ப அதிகம். குதிரை புல்லு தின்னும்போது இருமினா, மூக்குல வெள்ளையா ஒழுகினா, சும்மா நிக்கும்போது விலாவுக்குப் பின்னாடி வயிறு எக்கி எக்கி மூச்சு விட்டா பவுடர் ஆராய்ச்சியை விட்டுட்டு டாக்டரைக் கூப்பிடுங்க.

ஒருவேளை சுண்ணாம்பு ஏற்கனவே தூவியிருந்தீங்கன்னா, குதிரையை வெளிய கொண்டு வாங்க, காஞ்ச பவுடரை முதல்ல பிரஷ்ஷால தட்டி விடுங்க, அப்புறம் ஓடற தண்ணியில கால், வயிறு, மடி எல்லாம் நிறைய நேரம் கழுவுங்க. வினிகரோ எலுமிச்சையோ ஊத்தி சரிக்கட்டப் பாக்காதீங்க. கண்ணுல பட்டிருந்தா அரை மணி நேரம் சுத்தத் தண்ணி விட்டுக்கிட்டே டாக்டருக்கு போன் போடுங்க, காரம் கண்ணுக்குள்ள இறங்கிக்கிட்டே போகும், நாளைக்குப் பாக்கலாம்னு விடற விஷயம் இல்ல.

சினைக் குதிரை பத்தி கடைசியா. குட்டி போட ஒரு மாசம் இருக்கும்போதே அந்த லாயத்துல எல்லாப் பவுடரையும் நிறுத்திடுங்க, ஜியோலைட் உட்பட. கழுவிக் காய விட்டு நீளமான சுத்த வைக்கோல் மட்டும் கனமா போடுங்க. பொறந்த குட்டி நாள்ல பாதிக்கு மேல படுத்தேதான் கிடக்கும், மூக்கு தரையோட தரையா, தொப்புள் ஈரமா, தாய் மடியைத் தேடி கண்டதையும் நக்கும். அந்த ஒரு மாசம் ரெண்டு வேளை அள்ளறதை மூணு வேளை ஆக்கிக்கங்க, ஆள் கூலி கொஞ்சம் ஏறும், வேற வழி இல்ல. மூட்டை வந்ததும் அது மேல அச்சடிச்சிருக்கறதை அப்படியே எழுதி அனுப்புங்க, குருணையா மாவான்னும் சொல்லுங்க, பாத்துட்டு சொல்றேன்.